வரிசை ஏன் நீள்கிறது? விமான நிலையத்தில் ஒரு கணக்கு

காலை எட்டு மணிக்கு ஆவடி ரயில் நிலையத்துக்குப் போயிருக்கிறீர்களா? டிக்கெட் கவுன்ட்டர் முன்னால் ஒரு நீண்ட வரிசை. சற்றுத் தள்ளித் தானியங்கி டிக்கெட் இயந்திரம். அம்பத்தூரிலும் இதே காட்சிதான். இயந்திரம் தானியங்கி என்றாலும், அதன் அருகே பல நேரங்களில் ஒருவர் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். நாம் ஊர்ப் பெயரைச் சொன்னால் அவர் திரையைத் தொட்டு டிக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார். ஓய்வு பெற்ற ஊழியர்களை இப்படி உதவியாளர்களாக அமர்த்தி, அவர்கள் எடுத்துத் தரும் டிக்கெட்டுகளுக்குக் கழிவு கொடுக்கும் ஏற்பாடு ரயில்வேயில் உண்டு.

நாமே செய்துகொள்வதற்கென்று வைத்த இயந்திரத்துக்கு ஓர் ஆள் துணை! சிரிக்காதீர்கள். இதில் ஒரு நல்ல கணக்கு ஒளிந்திருக்கிறது. அந்தக் கணக்கை, பணமும் நேரமும் இன்னும் கூடுதலாகப் புழங்கும் ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்போம்.

உங்கள் பாட்டி டெல்லியிலுள்ள மாமா வீட்டுக்கு விமானத்தில் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவடிக்காரர்கள் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து மெட்ரோவில் மீனம்பாக்கம் விமான நிலையம் போய்விடலாம். சென்ட்ரலுக்கும் விமான நிலையத்துக்கும் 2018 மே முதல் மெட்ரோ ஓடுகிறது. அம்பத்தூர்க்காரர்கள் புறவழிச் சாலையைப் பிடிப்பார்கள். பூந்தமல்லியிலிருந்து குன்றத்தூர், பல்லாவரம் வழி இருக்கிறது. எந்த வழியாகப் போனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. உள்நாட்டு விமானம் புறப்படுவதற்குப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்னதாகவே செக்-இன் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். வரிசையில் பத்து நிமிடம் கூடினாலும் குறைந்தாலும் என்ன என்று ரயில் நிலையத்தில் இருந்துவிடலாம். இங்கே அந்தப் பத்து நிமிடம் பயணத்தையே பறித்துவிடும்.

இயந்திரம் கேட்கும் கேள்வி

விமான நிலையக் கூடத்தில் கவுன்ட்டருக்கு முன்பாகவே ஆள் உயரத்தில் சில இயந்திரங்கள் நிற்கின்றன. இருக்கையைத் தேர்ந்து, போர்டிங் பாஸ் என்னும் ஏறுசீட்டை நாமே அச்சிட்டுக்கொள்ள வேண்டியதுதான். இதையே வீட்டிலிருந்து கைப்பேசியிலும் செய்யலாம். இயந்திரம் பெரும்பாலும் இரண்டு விவரங்களைக் கேட்கும். ஒன்று, பி.என்.ஆர். எனப்படும் ஆறு குறிகள். மற்றொன்று, பயணியின் குடும்பப் பெயர்.

ஆறே குறிகள் எப்படிப் போதும் என்று ஐயம் எழலாம். ஆங்கில எழுத்துகள் 26, இலக்கங்கள் 10, ஆக 36 குறிகள். ஆறு இடங்களில் அவற்றை நிரப்பினால் 36-ஐ ஆறு முறை பெருக்க வேண்டும். விடை 217 கோடிக்கு மேல். ஆகவே பஞ்சமில்லை.

சிக்கல் இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. நம் ஊரில் குடும்பப் பெயர் ஏது? தந்தை பெயரின் அல்லது கணவர் பெயரின் முதலெழுத்துத்தானே உண்டு! பாட்டிக்குச் சீட்டு வாங்கிய மாமா அந்தக் கட்டத்தில் தாத்தாவின் முழுப் பெயரைப் போட்டாரோ, வெறும் முதலெழுத்தைப் போட்டாரோ, பாட்டியின் பெயரையே இரண்டு முறை போட்டாரோ, யாருக்குத் தெரியும்? அவர் போட்டபடியே தட்டினால்தான் இயந்திரம் ஒப்புக்கொள்ளும். கவுன்ட்டரில் இருக்கும் மனிதருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆதார் அட்டையைப் பார்ப்பார், பாட்டியின் முகத்தைப் பார்ப்பார், புரிந்துகொள்வார். இயந்திரத்தை வடித்தவர்கள் எல்லா மனிதருக்கும் இரண்டு பெயர் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு வடித்திருக்கிறார்கள். இது இயந்திரத்தோடு முடிகிற சங்கதியும் அல்ல. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பிறகு தளர்த்தியது.

சரி, சீட்டு அச்சாகி வெளியே வந்துவிட்டது. அதன் ஓரத்தில் நெருக்கமான கோடுகளால் ஆன ஒரு பட்டை தெரிகிறதா? அதற்குப் பி.டி.எஃப். 417 என்று பெயர். 1991-இல் அமெரிக்காவின் சிம்பல் டெக்னாலஜிஸ் நிறுவனத்தில் உருவானது. இதில் ஒவ்வொரு குறியும் 4 கருங்கோடுகளும் 4 வெள்ளை இடைவெளிகளும் கொண்டது. மொத்த அகலம் 17 அலகுகள். பெயரில் உள்ள 417 இதிலிருந்து வந்ததுதான். பயணியின் பெயர், பி.என்.ஆர்., புறப்படும் ஊர், சேரும் ஊர், விமான எண், இருக்கை எல்லாம் இதற்குள் அடங்கும். சென்னைக்கு உரிய மூன்றெழுத்துக் குறி இன்றும் 'எம்.ஏ.ஏ.' தான், மதராஸ் என்ற பழைய பெயரின் மிச்சம் அது. பயண நாள் மாதமாகவும் தேதியாகவும் இருக்காது. ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண்ணாக இருக்கும். ஜனவரி 15 என்றால் 015. சாதாரண ஆண்டில் ஆகஸ்ட் 15 என்றால் 227. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

சீட்டு கசங்கினாலும் கருவி அதைப் படித்துவிடுகிறது. காரணம், உண்மைத் தகவலோடு அதிலிருந்தே கணக்கிட்ட சில உபரிக் குறிகளையும் சேர்த்து அச்சிடுகிறார்கள். சில குறிகள் அழிந்தால், மீதமுள்ளவற்றைக் கொண்டு சமன்பாடு தீர்ப்பதுபோல அழிந்ததைக் கண்டுபிடித்துவிடலாம். ரீட், சாலமன் என்னும் இரு கணித அறிஞர்கள் 1960-இல் வகுத்த முறை இது.

ஒரு எச்சரிக்கை. முதல் விமானப் பயணத்தின் மகிழ்ச்சியில் ஏறுசீட்டைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுவோர் உண்டு. பி.என்.ஆரும் பெயரும் கிடைத்தால் விமான நிறுவனத்தின் கணினியில் நுழைந்து பிற விவரங்களையும் பார்த்துவிட இயலும். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி ஆபட் 2020-இல் தம் ஏறுசீட்டின் படத்தை வெளியிட்டார். ஓர் இளைஞர் அதை வைத்தே அவருடைய பாஸ்போர்ட் எண்ணைக் கண்டறிந்துவிட்டார். அவர் நல்லவராக இருந்ததால் உரியவர்களிடம் அதைத் தெரிவித்தார்.

கடைசி இரண்டு பேர் செய்யும் மாயம்

இப்போது நம் கணக்குக்கு வருவோம். ஒரு கவுன்ட்டரில் ஒருவருக்குச் சராசரியாக 2 நிமிடம் ஆகிறது. அப்படியானால் மணிக்கு 30 பேருக்கு வேலை முடியும். மணிக்கு 29 பேர் வருகிறார்கள். முப்பதுக்கு இருபத்தொன்பது, வரிசையே இருக்காது என்றுதானே சொல்வீர்கள்? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் மனிதர்கள் கடிகாரம் வைத்ததுபோல் ஒருவர்பின் ஒருவராக வருவதில்லை. ஐந்து பேர் சேர்ந்து வருவார்கள். பிறகு நான்கு நிமிடம் எவரும் வரமாட்டார்கள். ஒருவருக்கு அரை நிமிடத்தில் வேலை முடியும். அடுத்தவர் பெட்டி எடை மிகுந்து, அதைத் திறந்து ஊறுகாய்ப் பாட்டிலை வெளியே எடுத்துக்கொண்டிருப்பார். கவுன்ட்டர் சும்மா இருந்த அந்த நான்கு நிமிடத்தைச் சேமித்து வைத்துப் பிறகு பயன்படுத்த முடியுமா? முடியாது. போனது போனதுதான். ஆனால் சேர்ந்துவிட்ட கூட்டமோ கரையாமல் நிற்கும். வரிசை நீளுவதன் மர்மம் இவ்வளவுதான்.

வருகையும் வேலை நேரமும் இப்படித் தாறுமாறாக இருக்கும்போது, வரிசையில் சேர்ந்ததுமுதல் வேலை முடியும்வரை ஒருவருக்கு ஆகும் சராசரி நேரத்துக்கு எளிய வாய்பாடு ஒன்று உண்டு. ஒரு மணியில் முடிக்கக்கூடியவர் எண்ணிக்கையிலிருந்து ஒரு மணியில் வருவோர் எண்ணிக்கையைக் கழியுங்கள். வரும் விடையால் 60-ஐ வகுங்கள். அத்தனை நிமிடம்.

மணிக்கு 24 பேர் வந்தால் 30 கழித்தல் 24, அதாவது 6. அறுபதை ஆறால் வகுக்க 10 நிமிடம். 27 பேர் வந்தால் 20 நிமிடம். 29 பேர் வந்தால்? 60 நிமிடம்! 24 பேருக்கு மேல் மூன்று பேர் கூடியபோது 10 நிமிடம்தான் கூடியது. அதற்கு மேல் இன்னும் இரண்டே பேர் கூடியதும் 40 நிமிடம் கூடிவிட்டது. தீபாவளிக்கு முந்தைய நாள் கூட்டம் சற்றே மிகும்போது வரிசை வாசல்வரை நீண்டுவிடுவது இதனால்தான்.

இத்துறைக்கு அடிக்கல் நாட்டியவர் ஏ. கே. எர்லாங் என்னும் டென்மார்க் கணித அறிஞர். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் எத்தனை இணைப்புகள் இருந்தால் மக்கள் காத்திருக்க வேண்டியதில்லை என்ற ஆய்வில் இறங்கி, 1909-இல் தம் முதல் கட்டுரையை வெளியிட்டார். மேற்கண்ட வாய்பாடு நெடுநேரம் ஒரே சீராகக் கூட்டம் வரும் இடத்துக்கே முழுமையாகப் பொருந்தும். விமான நிலையத்தில் கூட்டம் அலை அலையாக வரும். ஆகவே நிமிடங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். போக்கைப் பாருங்கள், அது மாறாது.

இயந்திரம் வந்தால் என்ன ஆகும்? அருகருகே இரண்டு கவுன்ட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. ஒவ்வொன்றிலும் மணிக்கு 27 பேர். எல்லோருக்கும் சராசரி 20 நிமிடம். இந்த 54 பேரில் பாதிப் பேர், பெரும்பாலும் உங்களைப் போன்ற இளைஞர்கள், இயந்திரத்துக்குப் போய்விடுகிறார்கள். மீதி 27 பேர் இரண்டு கவுன்ட்டருக்கும் பிரிந்தால் சராசரி 13.5 பேர். வாய்பாட்டில் போடுங்கள்: நான்கு நிமிடத்துக்கும் குறைவு! இயந்திரத்தின் பக்கமே போகாத பாட்டிக்கும் இயந்திரத்தால் 16 நிமிடம் மிச்சம். இது அழகான விளைவு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் நிர்வாகி ஒருவர் வருகிறார். 'இயந்திரம்தான் வந்துவிட்டதே, இரண்டு கவுன்ட்டர் எதற்கு?' என்று ஒன்றை மூடிவிடுகிறார். இப்போது 27 பேரும் ஒரே கவுன்ட்டரில். பாட்டிக்கு மறுபடியும் 20 நிமிடம். இயந்திரத்தால் வந்த லாபம் முழுவதும் நிர்வாகத்தின் சம்பளக் கணக்கில் சேர்ந்துவிட்டது. இன்னும் ஒன்று உண்டு. எளிய வேலைகள் எல்லாம் இயந்திரத்துக்குப் போய்விட்டன. கவுன்ட்டருக்கு வருபவர்கள் பெயர் பொருந்தாதவர், சக்கர நாற்காலி வேண்டுவோர், கைக்குழந்தையோடு வருவோர். அவர்களுக்குச் சராசரி நேரம் 2 நிமிடத்திலிருந்து சுமார் 2 நிமிடம் 9 வினாடியாகக் கூடுகிறது என்று வையுங்கள். மணிக்கு 28 பேரே முடியும். 28 கழித்தல் 27, ஒன்று. அறுபது நிமிடம்! ஒன்பது வினாடிக்கு நாற்பது நிமிடம் அபராதம்.

ஆவடி நிலையத்தில் இயந்திரத்தின் அருகே நிற்கும் அந்த உதவியாளரை இப்போது நினைத்துப் பாருங்கள். திரையில் எதைத் தொடுவது என்று தெரியாதவரும் அவர் உதவியால் இயந்திரத்தில் டிக்கெட் வாங்கிவிடுகிறார். கவுன்ட்டர் வரிசையில் அந்தக் கடைசி இரண்டு பேர் சேராமல் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

மனிதரிடம் பேசக் கட்டணமா?

கவுன்ட்டரில் ஏறுசீட்டு வாங்கினால் தனிக் கட்டணம் என்ற வழக்கமும் உலகில் தோன்றியது. அயர்லாந்தின் ரையன்ஏர் நிறுவனம், இணையத்தில் செக்-இன் செய்யாமல் நேரே நிலையத்துக்கு வருவோரிடம் 55 யூரோ வரை வாங்கி வந்திருக்கிறது. நம் நாட்டிலும் சில விமான நிறுவனங்கள் இப்படி வசூலித்தன. பயணிகள் முறையிட்டார்கள். 2022 ஜூலை 21 அன்று ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகம், கவுன்ட்டரில் ஏறுசீட்டு தருவதற்குக் கூடுதல் தொகை வாங்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. 1937-ஆம் ஆண்டின் விமான விதிகளில் பயணக் கட்டணம் என்பதற்குள் இத்தகைய தனித் தொகை வராது என்பது அதற்குச் சொன்ன காரணம். ஆகவே பாட்டி கவுன்ட்டரில் ஏறுசீட்டுக் கேட்டால் கேட்கலாம். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அவர் கொடுக்க வேண்டியதை ஏற்கனவே கொடுத்துவிட்டார். சீட்டில் கட்டண விவரம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அடிப்படைக் கட்டணத்தின் கீழே யூ.டி.எஃப். என்று ஒரு வரி இருக்கும். நிலையத்தைக் கட்டவும் பராமரிக்கவும் பயணியிடம் வாங்கும் மேம்பாட்டுக் கட்டணம் அது. இன்னொரு வரி பாதுகாப்புக் கட்டணம். 2021 ஏப்ரலில் உள்நாட்டுப் பயணிக்கு அது 200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சாதாரண வகுப்பு என்றால் 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. பெரிய விமான நிலையங்களுக்கான யூ.டி.எஃப். தொகையை 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது.

எந்த அடிப்படையில்? பருமட்டாக ஒரு கணக்குப் போடலாம். சென்னையில் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய முனையத்துக்கு ஆன செலவு 1,260 கோடி ரூபாய். சென்னை நிலையத்தை ஆண்டுக்குச் சுமார் 2 கோடிப் பயணிகள் பயன்படுத்துகிறார்கள். அதில் புறப்படுவோர் பாதி, ஒரு கோடி. இருபது ஆண்டுகளில் செலவை மீட்பதானால் ஒருவருக்கு 63 ரூபாய். வட்டி, மின்சாரம், ஊழியர் சம்பளம் எல்லாம் இதன்மேல் ஏறும். கடைகளும் வாகன நிறுத்தமும் தரும் வருமானத்தில் ஒரு பகுதியைக் கழிப்பார்கள். பயணிகள் குறைந்தால் வகுக்கும் எண் சிறியதாகி, ஒருவர் தலையில் விழும் தொகை பெரிதாகும்.

இந்த வரிகளைத் தெரிந்துகொள்வதில் கைமேல் பலனும் உண்டு. பாட்டிக்குக் காய்ச்சல் வந்து பயணம் நின்றுபோனால், 'இந்தச் சீட்டுக்குப் பணம் திரும்பாது' என்று விமான நிறுவனம் சொல்லலாம். அடிப்படைக் கட்டணத்துக்கு அது பொருந்தும். ஆனால் வரிகளையும் யூ.டி.எஃப். போன்ற நிலையக் கட்டணங்களையும் கட்டாயம் திருப்பித் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2016-இல் விதி வகுத்திருக்கிறது. பயணமே நடக்காதபோது நிலையத்தை யார் பயன்படுத்தினார்கள்? பலர் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

லவுஞ்ச் என்னும் ஓய்வுக்கூடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 1939-இல் நியூயார்க் லகார்டியா நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கியதுதான் விமான நிறுவன ஓய்வுக்கூடங்களில் முதலாவது. அக்காலத்தில் முக்கியப் புள்ளிகளுக்கு மட்டும். இன்று வங்கி அட்டையைத் தேய்த்து 2 ரூபாய் கழிந்தால் போதும், உள்ளே சாப்பாடு, மெத்தை நாற்காலி. மீதித் தொகையை வங்கி கொடுக்கிறது. வங்கிக்கு அது அட்டைதாரர்களிடமிருந்தும் கடைக்காரர்களிடமிருந்தும் வருகிறது. விளைவு என்ன? வருவோர் எண்ணிக்கை ஏறி, காத்திருக்கும் இடத்துக்குள் போவதற்கே காத்திருக்கும் வரிசை! நம் வாய்பாடு அங்கும் விடவில்லை. வங்கிகள் இத்தனை ரூபாய் செலவு செய்தவர்களுக்கே இலவசம் என்று கட்டுப்பாடு போடத் தொடங்கியதில் வியப்பில்லை. அட்டை இல்லாத பாட்டிக்கு வேறு வழி இருக்கிறது. 2025 பிப்ரவரியில் சென்னை நிலையத்தில் 'உடான் யாத்ரி' என்ற மலிவு விலைச் சிற்றுண்டிக்கடை திறக்கப்பட்டது. தொடங்கியபோது தேநீர் 10 ரூபாய், சமோசா 20 ரூபாய்.

செய்து பாருங்கள்

இதற்கு விமான நிலையம் வரை போக வேண்டாம். அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், எந்த நிலையமானாலும் சரி. பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒரு கடிகாரமும் நோட்டும் எடுத்துச் செல்லுங்கள். ஒரே ஒரு டிக்கெட் கவுன்ட்டரை அரை மணி நேரம் கவனியுங்கள். எத்தனை பேர் வரிசையில் சேர்ந்தார்கள்? கவுன்ட்டர் முன்னால் ஒவ்வொருவருக்கும் எத்தனை வினாடி ஆயிற்று? இரண்டையும் ஒரு மணிக்கு உரிய கணக்காக மாற்றி, வாய்பாட்டில் போட்டு விடை காணுங்கள். பிறகு சட்டை நிறத்தை அடையாளம் வைத்துப் பத்துப் பேரைத் தேர்ந்து, அவர்கள் உண்மையில் எத்தனை நிமிடம் நின்றார்கள் என்று குறியுங்கள். இரண்டு விடைகளும் எவ்வளவு விலகுகின்றன? இயந்திரத்தின் அருகே உதவியாளர் இருந்த நாளில் ஒரு முறையும், இல்லாத நாளில் அதே நேரத்தில் ஒரு முறையும் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.